தொரை ஏறிய காற்றுப் பலகை

1. வாசனை

பெட்டியைக் கிழித்ததும் முதலில் வெளியே வருவது வாசனைதான். புது மழைக்கோட்டு, புது ஸ்கூல் பேக், கொஞ்சம் பெட்ரோல் பங்க் எல்லாம் கலந்த ரப்பர் வாசனை. பாலக்காட்டில் எங்கள் கடைக்குப் புதுச் சரக்கு இறங்கும்போதெல்லாம் அது மூக்கில் ஏறும். ஏறிய நிமிடமே நான் கடையில் இல்லை. இடுக்கி மலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஏரிக்கரையில், ஈரப்புல்லில் முட்டி நனைய பம்ப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தா காலத்தில் எங்கள் கடையில் தார்ப்பாய், கயிறு, குடை. என் கைக்கு வந்த பிறகு டென்ட், லைஃப் ஜாக்கெட், காற்றடித்து நின்றுகொண்டே துடுப்புப் போடும் போர்டு. எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. கல்லாவில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். அதனால் விற்பதோடு நிற்காமல் போர்டோடு சேர்ந்து நானும் தண்ணீர்வரை போய்விடுவேன். எப்படி அடிப்பது, எப்படி ஏறுவது என்று காட்டிவிட்டுத்தான் திரும்புவேன்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சுருட்டினால் முதுகில் மாட்டுகிற பை. அடித்தால் ஆள் நிற்கிற கட்டை. அதுதான் இந்த போர்டு. உள்ளே மேல்தோலையும் கீழ்த்தோலையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் பலூனாக உப்பாமல் பலகையாக விறைக்கிறது. காற்றழுத்தம் பதினைந்து பி.எஸ்.ஐ. ஏறினால் தட்டிப் பார்க்கும்போது தவில் போலச் சத்தம் வரும். குறைவாக அடித்தால் நடுவில் குழிந்து, வாழைப்பழம் போல வளைந்து, நிற்பவரைத் தொட்டிலாட்டும்.

வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கலர். நான் முதலில் கேட்பது எடை. பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு அதில் கோபமே வந்துவிட்டது.

"ஏனுங்க பாய், நான் போர்டு வாங்க வந்தனா, இல்ல என்னைய மூட்டையா கட்டி லாரில ஏத்தப் போறீங்களா?"

"எடை தெரிஞ்சாத்தானுங்க அகலம் சொல்ல முடியும்."

"சொல்றனுங்க. ஊட்டுக்காரி கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

எடை, அப்புறம் அகலம், அப்புறம் தடிமன். கலர் கடைசி. ஒல்லியானவருக்கு முப்பத்திரண்டு அங்குல அகலம் போதும். உடம்பு கூடக் கூட அகலமும் கூட வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டால் மிச்சமெல்லாம் தப்பாகிவிடும். கேட்கவே எல்லோரும் தயங்குகிற ஒரு மனிதரை நான் மலைமேல்தான் பார்த்தேன்.

2. பேச்சியம்மாவின் போன்

"பாய், நான் பேச்சியம்மா பேசுதேன். எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கேன். உங்க போர்டு வீடியோ பாத்தேன்."

அவள் சொன்னது இது. லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் ஏரியில் விடுமுறை நாட்களில் போர்டு வாடகைக்கு விட ஆசை. கீழே பங்களாக்களில் தங்குகிற டூரிஸ்ட்டுகள் ஏரியைப் பார்த்து போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆறு பேரும் அந்த ஏரியில் துணி துவைத்தே நீந்தப் பழகியவர்கள். எல்லாம் சரி, தொரை மட்டும் சம்மதிக்கவில்லை. மேனேஜரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் முடியாது என்று சொல்லிவிட்டார். யாராவது தண்ணீரில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று ஒரே பிடி. மூன்றாவது தடவை இவர்கள் விடாமல் நிற்கவும், அவரே ஒரு வழி சொன்னாராம்: தானே ஏறிப் பார்ப்பார். பயமில்லை என்று தோன்றினால் கையெழுத்து. இல்லையென்றால் ஏரிப் பேச்சை இனிமேல் எடுக்கக் கூடாது.

"தொரை எத்தனை கிலோ இருப்பாரும்மா?"



"தொரைகிட்ட போய் அதெப்படி பாய் கேக்க?"

நான் இரண்டு போர்டு எடுத்து ஜீப்பில் போட்டேன். ஒன்று முப்பத்திரண்டு அங்குலம், சிவப்பு, மூக்கு கூராக, பார்த்தவுடனே ஏறச் சொல்லும் அழகு. இன்னொன்று அகலமானது, சாம்பல் நிறம், எருமை போல அசைந்து கொடுக்காதது.

3. தராசு

போய்ச் சேர்ந்த காலையில் ஏரி, சுடுசோற்றைப் போட்டு மூடிய டிபன் பாக்ஸை அப்போதுதான் திறந்தது போல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கரையில் ஆறு பெண்களும் தலையில் துணி கட்டி நின்றார்கள். பேச்சியம்மாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, சின்ன உருவம், பேசும்போது எதிராளியின் கண்ணை விடாத பார்வை. பக்கத்தில் செல்லத்தாய். அவளுக்கு வாய்தான் உருவம்.

சிவப்பை நானே அடித்து முடித்துவிட்டு, அடுத்ததற்குப் பம்ப்பை செல்லத்தாயிடம் கொடுத்தேன். அடிக்கும் முன் வால்வின் ஊசி மேலே எழும்பி நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அமுங்கிக் கிடந்தால் குழாயைக் கழற்றும்போது அத்தனை காற்றும் புஸ்ஸென்று போய்விடும். அடிக்க ஆரம்பித்து வெகுநேரம் மீட்டர் முள் பூஜ்யத்திலேயே கிடக்கும். புதியவர்கள் பம்ப் கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள்.

"எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு பாய். எம்புட்டுப் பாடுபட்டாலும் அசைய மாட்டேங்குதே," என்றாள் செல்லத்தாய்.

"விடாதீங்க. அசையும்."

"அவருகிட்டயும் அப்படித்தான் இருவது வருசமா இருக்கேன்."

முள் அசைந்து, ஏறி, பதினைந்தைத் தொட்டபோது தொரையின் ஜீப் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் சாம்பல் போர்டைக் கொண்டுவந்ததற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். ஐம்பதுக்கு மேல் வயது. உயரம், அதற்கேற்ற அகலம். ஜெர்கின், பூட்ஸ், தொப்பி. மலையாளி, எஸ்டேட்டில் பழகிய தமிழ்.

"எந்தா பேச்சி, இது நடுவில் பொட்டுமோ?"

"வெடிக்காது தொரை. லாரி டயரு மாதிரி இருக்கு, தட்டிப் பாருங்க."

தட்டினார். சிவப்பைத்தான் தட்டினார். "நான் இதில் ஏறறேன்."

"சார், உங்க எடை?" என்றேன்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மலையைப் பார்த்தார்கள்.

"எண்பது," என்றார் தொரை.

சிவப்பில் ஏறினால் முதல் அடியிலேயே ஆடிப்போவார், ஏரிக்கதை முடியும். வேண்டாம் என்றால் அவரிடம் வேலை செய்யும் பெண்கள் முன்னால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாகும். அப்படியும் ஏரிக்கதை முடியும்.

பின்னாலிருந்து செல்லத்தாய் யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்: "எண்பதுன்னு தொரையே சொல்லுதாக. நாங்களும் தெனமும் மூட்டையத் தூக்கிட்டு வந்து நாப்பதுன்னுதான் சொல்லுதோம். தராசு ஒத்துக்கிடணும்ல?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கொழுந்து எடைபோடுகிற கொட்டகை ஏரிக்கு எதிரிலேயே இருந்தது. தொரை அதையும் செல்லத்தாயையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று நடந்து போய்த் மேடைத் தராசில் ஏறி நின்றார். நாங்கள் பின்னாலேயே போனோம். எண்ணை அவரே வாசித்தார்.

"நூற்றி நாலு."

நாள்தோறும் அந்தத் தராசில் இவர்கள் பறித்த கொழுந்து ஏறும். பனி ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழித்த பிறகுதான் கணக்கு எழுதுவார்கள். பேச்சியம்மா முகத்தில் ஒரு கோடும் அசையாமல் சொன்னாள்: "ஈரத்துக்கும் பூட்ஸுக்கும் கழிச்சிருங்க தொரை. எங்களுக்குக் கழிக்கீகல்ல."

தொரை அவளை உற்றுப் பார்த்தார். வயிறு முதலில் குலுங்கியது. சிரிப்பு அப்புறம்தான் வந்தது.

"கழிச்சா எத்தர?"

"எவ்வளவு கழிச்சாலும் சாம்பல் போர்டுதான் சார்," என்றேன் நான், சந்தர்ப்பத்தை விடாமல்.

4. விழுதல்

பூட்ஸைக் கழற்ற வைத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டினேன். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும்; காதுவரை ஏறி வந்தால் அளவு பெரிது என்று அர்த்தம். வார்களை இறுக்கும்போது அவர் என் பக்கம் குனிந்தார்.

"பாய், எனக்கு நீந்தான் அறியாது. இவங்க அறிய வேண்டா."

அப்போதுதான் அவர் இரண்டு தடவை முடியாது என்று சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது. போர்டோடு காலைச் சேர்க்கும் சுருள் கயிற்றை அவர் கணுக்காலில் கட்டினேன். ஓடாத தண்ணீரில் கணுக்கால் சரி. ஓடும் ஆற்றில் அதே கயிறு கிளையில் சிக்கினால் உயிரை வாங்கிவிடும். அங்கே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழறுகிற வகைதான் வேண்டும்.

துடுப்பின் நீளம் அவர் உயரத்துக்கு மேல் ஒரு சாண். முட்டி போட்டபடி தள்ளிக்கொண்டு போனார். சிவப்பில் பேச்சியம்மா கூடவே, வீடியோவில் பார்த்தபடி துடுப்புப் போட்டுக்கொண்டு. ஏரி நடுவில், நான் கரையிலிருந்து கத்துவதைக் கேட்டு, ஒரு கால், மறு கால் என்று எழுந்து நின்றே விட்டார். தூரத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவர் காலைப் பார்த்தார். காலைப் பார்ப்பவர் எல்லோரும் விழுவார்கள்.

விழுந்தார். தண்ணீர் பிளந்து மூடியது. தொப்பி மட்டும் மிதந்தது.

எனக்கு ஏரி போய்விட்டது என்றுதான் தோன்றியது. ஆறு பேரின் ஆசையையும் நானே முக்கிவிட்டேன். அதற்குள் ஜாக்கெட் அவரை மேலே தூக்கிவிட்டது. போர்டும் எங்கேயும் போகவில்லை. கயிற்றின் நீளத்தில், கூப்பிட்டால் வரும் தூரத்தில், காத்துக்கொண்டிருந்தது. தொரை கையை அடித்துக்கொண்டு பேச்சியம்மாவின் போர்டைப் பிடிக்கப் பாய்ந்தார்.

"என்னையப் புடிக்காதீக தொரை! உங்க போர்டப் புடிங்க. நடுவுல கைப்பிடி இருக்கு. ஆ, அதான். இப்ப காலப் பின்னால ஒதைங்க, வயித்துல ஏறுங்க. பெறகு சாவகாசமா மூச்சு வாங்கிக்கிடலாம்."

முதல் தடவை வழுக்கியது. இரண்டாவதில் ஏறி, போர்டின்மேல் குப்புறப் படுத்துக் கிடந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் முட்டி போட்டு எழுந்தவர் கரைக்குத் திரும்பவில்லை. ஏரியை முழுதாக ஒரு சுற்று சுற்றினார், மெதுவாக, யாருக்கும் பதில் சொல்லாமல்.

கரையேறும்போது குளிரில் பல் தந்தியடித்தது. பேச்சியம்மாவிடம் சொன்னார்: "பயம் முழுக்க விழறதுக்கு முன்னேதான். விழுந்தப்பறம் பயம் போயி. ஒப்பு போடறேன், கையெழுத்து. ஜாக்கெட் இல்லாம ஒருத்தரையும் இறக்கக் கூடாது. காற்று வீசினா உடனே நிறுத்தணும்."

அதுவரை நான் எல்லோருக்கும் நிற்பதற்கான போர்டைத்தான் தேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து விழுவதற்குத் தேர்ந்து கொடுக்கிறேன். கைப்பிடி கைக்கு எட்டுகிறதா, ஜாக்கெட் தூக்குகிறதா, கயிறு போர்டைப் பிடித்து வைக்கிறதா. ஏறிக் காட்டச் சொன்னால் முதலில் விழுந்து காட்டுகிறேன். கரையில் நிற்பவர்களின் முகம் இளகுவது அப்போதுதான்.

இரண்டு போர்டையும் அங்கேயே விட்டேன். வெயிலில் போடாதீர்கள், நிழலில் காற்றைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், ஈரத்தோடு சுருட்டாதீர்கள் என்று செல்லத்தாயிடம் சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினேன். அந்நேரம் தொரை உலர்ந்த சட்டையோடு, ஈரத் தலையோடு, பேச்சியம்மாவைத் தேடி நடந்து வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பேச்சி, ஞாயிறு காலையில, ஆளுக வரும் முன்னே, நான் ஒருதடவை வரட்டே?"



"வாங்க தொரை. ஜாக்கெட்டு போட்டு, முட்டி போட்டுத்தான் ஆரம்பிக்கணும். நான் எந்திரிங்கன்னு சொன்ன பெறகு எந்திரிச்சாப் போதும்."