தனம் வாங்கி வந்த வேகமான மெமரி

இரண்டு வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன விழா. மேடை கிடையாது, மாலை கிடையாது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை, அதன் டீச்சராகிய நான், மூலையில் முனகும் ஒரு பழைய சேர்வர் - இவ்வளவுதான் ஏற்பாடு.

அந்தச் சேர்வரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் மேசைகளில் இருப்பவை வெறும் திரையும் கீபோர்டும்தான். யோசிக்கிற வேலை முழுவதும் மூலையில் இருக்கும் இந்த ஒருவருக்கு. பாதி வகுப்பு வேலையைத் தொடங்கினாலே அவருக்கு மூச்சு வாங்கும். மீதிப் பாதி? ஜன்னல் வழியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உயர்தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் இப்படிக் காத்துக் கிடந்தால் எப்படி?

மெமரி போதவில்லை. அதுதான் நோய்.

இதைக் கேள்விப்பட்டுப் போன் செய்தாள் தனலெட்சுமி. இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, என்னிடம் படித்து, இப்போது கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்ப்பவள்.

"டீச்சர், மெமரி நான் வாங்கிட்டேன்! வெள்ளிக்கெழம கொண்டாறேன். நீங்க ஒன்னும் பேசக் கூடாது."

எந்த வகை மெமரி என்று கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். அந்தம்மா அன்று காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், கொழுந்துக் கூடைக்கு லீவு கொடுத்துவிட்டு, நல்ல சேலையில் வந்திருந்தார். தனம் பெட்டியைத் திறந்தாள். கறுப்பும் சிவப்புமாக உலோகச் சட்டை போட்ட இரண்டு மெமரி அட்டைகள். பளபளவென்று மின்னின.

"கடையில இருந்ததுலயே வேகமானது டீச்சர்!"

அது வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் ரகம். இருந்தாலும் ஒரு நப்பாசை. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தேன். இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன்.

மின்விசிறி உறுமியது. பீப்... பீப்... திரை இருட்டாகவே இருந்தது.

"ஏம் புள்ள, அது ஏன் இப்புடிக் கத்துது?" என்றார் தனத்தின் அம்மா.

"மொத தடவை அப்படித்தாங்கம்மா" என்றேன். என் வாயா இது?

பக்கத்தில் நின்ற எங்கள் பள்ளி அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், மென்மையான மனிதர். என் காதருகே குனிந்தார். "பழசையே திருப்பிப் போட்டு ஓட விடுங்கோ டீச்சர். பிள்ளை ஆசையா வாங்கி வந்தது... மனம் நோகும்." பிறகு சத்தமாக, "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்" என்று விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

நானும் அப்படியே செய்தேன். புதியது மேசை லாச்சிக்குள் போயிற்று. அவர்கள் திரும்பி வந்தபோது திரைகள் வெளிச்சமாக இருந்தன. பிள்ளைகள் கை தட்டினார்கள். தனத்தின் அம்மா சேர்வரைப் பார்த்துக் கும்பிட்டேவிட்டார்.

தனம் மட்டும் மௌஸைப் பிடித்தாள். இரண்டு கிளிக்.

"எட்டு ஜீபீதான் காட்டுது... நான் கொண்டாந்தது முப்பத்திரெண்டாச்சே டீச்சர்?"

கணக்குப் பார்க்கிறவளிடமா மறைப்பது! லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அதிபர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வேலை செய்யலன்னு சொன்னா நான் அழுவேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"இப்பதான் டீச்சர் அழுக வருது."

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நல்ல வேளை, அவளுடைய அம்மா புகுந்தார். "செருப்பு அளவு பத்தலன்னா கடையில மாத்திக்கிறதில்லையா? இதுக்குப் போயி ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு!"

தனம் சிரித்துவிட்டாள். பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய அட்டையின் ஸ்டிக்கரைப் படித்தோம். எண்களின் கடைசியில் 'ஆர்' என்று ஓர் எழுத்து. சேர்வர்களுக்கென்றே செய்கிற 'ரெஜிஸ்டர்ட்' வகை என்று அர்த்தம். இந்தச் சேர்வருக்கு அந்த வகைதான் வேண்டும். பிழை வந்தால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதியும் அதில் உண்டு. வேகமோ, சேர்வர் தாங்குகிற அளவுக்கு மேல் இருந்து பிரயோசனமில்லை. இரண்டு வகையும் ஒரே இடைவெளியில் உட்காரும் - ஆனால் ஒன்றுதான் வேலை செய்யும்.

தனம் அங்கிருந்தே கடைக்குப் போன் போட்டாள். "சேர்வருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா!" என்றார் கடைக்காரர். மாற்றித் தரவும் ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பஸ்ஸில் பார்சல் வந்தது. சட்டையில்லை, மினுக்கமில்லை. சாதாரணப் பச்சை அட்டைகள். போட்டேன். சேர்வர் சத்தமில்லாமல் எழுந்தது. முழு வகுப்பும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கியது. ஒரு திரைகூட உறையவில்லை! வீடியோ எடுத்துத் தனத்துக்கு அனுப்பினேன். "முப்பத்திரெண்டு காட்டுதா?" என்று முதலில் கேட்டாள். அந்தப் படத்தையும் அனுப்பிய பிறகுதான் நம்பினாள்.

பரிசு வாங்கப் போகும்போது 'எது சிறந்தது?' என்றுதான் நாம் எல்லோரும் கேட்கிறோம். 'யாருக்கு?' என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டால் பாதித் தொல்லை குறையும்.

அதிபர் இப்போது என்னிடம் பொய் சொல்லச் சொல்வதில்லை. "உங்கட முகத்துக்கு அது பொருந்தாது டீச்சர்" என்கிறார்.