கடைசி வரியில் இருந்த பெயர்

1988. போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால், அங்கே அந்தப் பெட்டியை நான் மட்டும்தான் தொடுவேன். நிறைகுடம் தளும்பாது என்பார்கள்; நான் அரைக்குடம்.

எஸ்டேட் ஆட்களைக் கண்புரை ஆபரேஷனுக்கு மதுரைக்கு அனுப்ப எங்கள் முதலாளி ஏற்பாடு செய்தார். கங்காணி மலையில் எழுதி வந்த நோட்டைப் பார்த்து, வரிக்கு ஒரு பெயராக ஃபைலில் அடித்தேன். எல்லா வரிகளையும் படித்துப் பிரிண்ட் எடுக்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். பட்டியல் வந்ததும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

கிளம்பும் நாள் காலையில் ஆபீஸ் வாசலில் நான் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக பஸ்சில் ஏறினார்கள். போடிமெட்டிலிருந்து ஜீப்பில் வந்திருந்த ஓர் அம்மா மட்டும் துணிப்பையோடு கீழேயே நின்றார். பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரியில் படுக்கை.

"களையெடுக்கிற சோலி முடிச்சு கடைசியா வந்து பேரு குடுத்தேன் தாயி. நல்லாப் பாரு."

நோட்டு உள்ளே என் மேஜையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. நானோ நின்ற இடத்திலிருந்தே, "மெஷின் தப்புப் பண்ணாதுக்கா. நீங்க பேரு குடுத்திருக்க மாட்டீங்க" என்றேன். கங்காணியும் ஐம்பது பேரை எழுதியதில் தனக்கு நினைவில்லை என்றுவிட்டார். பஸ் போய்விட்டது.

மத்தியானம் ஏதோ உறுத்த, ஃபைலைத் திறந்தேன். கடைசி வரியில் அவர் பெயர் இருந்தது! ஒரு வரியைப் படித்ததும் 'ஃபைல் முடிந்ததா?' என்று பார்த்து, முடிந்திருந்தால் நின்றுவிடும்படி எழுதியிருந்தேன். கடைசி வரியைப் படித்த புரோகிராம், அதை அச்சடிக்காமலே நின்றுவிட்டது. வெளியே ஓடினேன், அவர் வந்த ஜீப் எப்போதோ மலையேறியிருந்தது.

அடுத்த முறை அனுப்ப ஒரு வருடமானது. அதற்குள் புரை முற்றி, ஒரு கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லத் துணியாத நான், அப்போதுதான் எஸ்டேட்டுக்குப் போய், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி அழுதேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அப்பப் பேரு குடுத்தேன்தானா? நீ அவ்வளவு உறுதியாச் சொன்னியா, நான்தான் குடுக்காம மறந்துட்டேன் போலன்னு ஒரு வருசமா என்னையவே வஞ்சுக்கிட்டிருந்தேன் தாயி" என்றார்.

புரோகிராமை அன்றைக்கே ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டேன். ஆனால் அந்த ஒரு வருடம் அவர் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.