தூண்களுக்கு இந்தப் பக்கம்

குற்றாலத்தில் ஓடையை ஒட்டி, நடக்க முடியாதவர்களும் போகிற மாதிரி பாதை போட்டிருப்பதாகத் தங்கை சொன்னபோது நான் நம்பவில்லை. பைக் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, சாரலைப் பக்கத்து ஊரான குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்த்துவந்தேன். அவள் போனில் படம் காட்டினாள். சாய்தளம், கைப்பிடி, நீலப் பலகையில் சக்கர நாற்காலிப் படம், எல்லாம் இருந்தன.

"கெளம்புக்கா, போவோம்" என்றாள்.

சாய்தளம் நன்றாகத்தான் இருந்தது. ஏறி முடித்த இடத்தில், பாதைக்குக் குறுக்கே இரும்புத் தூண்களை நட்டிருந்தார்கள். பைக் நுழையாமல் இருக்கவாம். இடைவெளியில் ஆள் நுழையலாம், நாற்காலி நுழையாது. தங்கை நேராகவும் சாய்த்தும் தள்ளிப் பார்த்தாள். தூணுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என் விரல் நசுங்கியதுதான் மிச்சம்.

ஈரத் துண்டோடு வந்த சில ஆண்கள் நின்றார்கள். "தூக்கிட்டுப் போயிருவோம்கா, கூச்சப்படாதிய."

நல்ல மனசுதான். ஆனால் முன்பின் தெரியாத ஆண்கள் அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்க வேண்டுமென்றால், அந்தச் சாய்தளம் எதற்கு? வேண்டாம் என்றேன்.

"உதவிக்கு வந்தா கோவப்படுதாவ" என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாற்காலியைத் தூண்களுக்கு முன்னால் குறுக்காகத் திருப்பி பிரேக்கைப் போட்டேன். வந்தவர்கள் சேற்றில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் போலீஸ்காரர் வந்தார்.

"என்னக்கா, வழிய மறிச்சிட்டு நிக்கிய?"

"நானா மறிக்கேன்? அந்தப் பலகையில யாரு படம் போட்டிருக்கு, பாருங்க தம்பி."

அவர் பலகையைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார். "பாதை போட்ட ஆபீஸ் தென்காசியில இருக்கு, அங்க போய்ச் சொல்லுங்கக்கா. நான் என்ன செய்ய முடியும்?" என்றார், குரல் இறங்கி.

அங்கிருந்து நேராகத் தென்காசிக்குப் போனோம். ஆபீஸ் மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. தங்கை மேலே போய்ச் சண்டை போட்டு ஓர் அதிகாரியைக் கீழே கூட்டிவந்தாள். அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"இதுவரைக்கும் யாரும் புகார் சொல்லலையேம்மா."

"மாடியில இருக்கிய. எங்க ஆளுக எப்படி சார் ஏறி வந்து சொல்லுவாக?" என்றேன்.

பார்க்கிறோம் என்றார். நாங்கள் திரும்பத் திரும்பப் போனோம். ஒவ்வொரு முறையும் அதே வெயிலில், அதே படிக்கட்டுக்குக் கீழே காத்திருந்தேன். சாரல் சீசன் முடிந்து, கூட்டமெல்லாம் போன பிறகு ஒரு தூணை அறுத்தார்கள். அதையும் ஒழுங்காக அறுக்காமல், விரல்கடை உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுவைத்தார்கள். தங்கை முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டவைத்தாள்.

பாதை முடிகிற இடம்வரை போனோம். ஓடையில் தண்ணீர் நூலாக ஓடியது. தங்கை கைநிறைய அள்ளிவந்து என் முகத்தில் தெளித்தாள். சில்லென்று இருந்தது. இருவரும் சிரித்தோம், கொஞ்சம் அழவும் செய்தோம்.

பக்கத்து வீட்டில், "நெனச்சதச் சாதிச்சிட்டிய" என்றார்கள். எனக்கு அந்தப் பாராட்டு கசந்தது. ஓடையைப் பார்க்கப் போவதற்கு மற்றவர்கள் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். நான் மட்டும் ஏன் ஒரு சீசன் முழுக்கச் சண்டை போட வேண்டும்?