தம்பியின் ஆயிரம் சிசி

கப்பலுக்குப் போகிற என் தம்பி வருடத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். அவன் வாங்கிய பைக் மட்டும் வருடம் முழுக்க எங்கள் முன்னறையில் நிற்கும். வெளியே விட்டால் உப்புக்காற்றில் செயின் துருப்பிடித்துவிடுமாம். அதற்காகச் சோபாவை மாடிக்கு ஏற்றினோம்.

ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர், இருநூறு குதிரைசக்தி. நடுக்கடலில் சிக்னல் கிடைத்ததும் வீடியோ காலில் வருவான். "அக்கா, பேட்டரிய சார்ஜர்ல போட்டியா? ஸ்டார்ட் பண்ணுனா இன்ஜின் நல்லா சூடாகுத வரைக்கும் விடு, ரெண்டு நிமிசத்துல அணைக்காத." அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கத் தோன்றாது. வாரமெல்லாம் துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் கன்டெய்னர் பேப்பர்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இதன் செயினைத் துடைக்க வேண்டும்.

போன முறை அவன் வந்திருந்தபோது, என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு விளாத்திகுளத்தில் புதுவீட்டுப் பால்காய்ப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பிய என்னைத் தம்பி விடவில்லை.

"பஸ்ஸா? நம்ம வண்டில கண்ண மூடித் திறக்கதுக்குள்ள போயிரலாம்க்கா."

பின்சீட் என் உள்ளங்கை அளவுதான். முழங்கால் நெஞ்சில் முட்ட, தவளை மாதிரி ஏறி உட்கார்ந்தேன். ஊர் எல்லையிலேயே துறைமுக லாரிகள் வரிசையாக நின்றன. இரண்டு லாரிக்கு நடுவே நுழைய முடியாது, ஹேண்டில் அவ்வளவு திரும்பாது. இன்ஜின் சூடு நூறைத் தாண்டியதும் ஃபேன் ஓடி, அனலையெல்லாம் எங்கள் கால்மேல் தள்ளியது. மீன்கூடை கட்டிய மொபெட்காரர் ஒருவர் சாவகாசமாக எங்களைக் கடந்து போனார்.

"முதல் கியர்லயே நூத்தம்பது போவும்க்கா," என்றான்.

"மொதல்ல இங்கருந்து போ, ஏலே!"

லாரிகளைத் தாண்டியதும் ரோடு காலியானது. முறுக்கினான். மூன்று எண்ணுவதற்குள் நூறு. கண்ணில் நீர் கொட்டியது, உப்பளங்கள் ஒரே வெள்ளைக் கோடாக ஓடின. பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அரை நிமிடம் இருக்கும். அப்புறம் ஸ்பீடு பிரேக்கர். வண்டியின் அடிவயிறு தட்டிவிடுமென்று நான் இறங்கி நடந்தேன். அடுத்த ஊரிலும் நடந்தேன். அதற்கப்பால் ரோடு வேலைக்காக ஜல்லியைக் கொட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறியது.

"இது ரேஸ் டிராக் சஸ்பென்ஷன். அப்படித்தான் இருக்கும்," என்றான்.

பின்னால் விளாத்திகுளம் பஸ் வந்தது. ஹெல்மெட்டை அவன் கையில் திணித்துவிட்டுக் கைகாட்டி ஏறினேன். "அக்கா, அக்கா" என்று கத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பந்தியில் சாப்பிட்டு முடித்துப் பாயசமும் குடித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். மணிக்கட்டு வலியில் அப்பளத்தைக்கூட இடது கையால்தான் நொறுக்கினான். திட்ட வேண்டுமென்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, அவன் இலைக்கு இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கினேன்.

திரும்பும்போதும் பஸ்தான். கடைசி சீட்டிலிருந்து பார்த்தால், எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வருகிறான். ஒரு நிறுத்தத்தில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "முந்திப் போக வேண்டியதுதானல?" என்றேன்.

"டிரைவர் அண்ணாச்சிக்குத்தான் எங்கன பள்ளம்னு தெரியுது," என்று சொல்லிவிட்டு மடக்மடக்கென்று குடித்தான்.