வெள்ளிக்கிழமை அளந்த கிணறு

எனக்கு அவசரப் புத்தி. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவனுக்கு இருக்கக்கூடாத குணம், இருந்து தொலைக்கிறது.

நிந்தவூரில் தங்கச்சி வீட்டில் மச்சான் புதுக் கிணறு கட்டியிருந்தார். கட்டார் நாட்டில் உழைத்துவிட்டு வந்தவர். கிணற்றுக்கட்டுக்கு ஓடு பதித்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வாளி அள்ளிக் காட்டுவார். வீட்டுக்குப் பின்னால் வயல். அவர்களின் மூன்று மாதப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால்மா கரைக்கப் போகிறார்கள் என்றதும் எனக்குப் பயம் பிடித்தது. வயலுக்குப் போடும் பசளையின் நைத்திரேற்று உப்பு கிணற்றில் இறங்கியிருந்தால், கொதிக்க வைத்தாலும் போகாது, கைக்குழந்தைக்கு ஆபத்து. ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் கருவி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைத் தண்ணீருக்குள் அனுப்பும். நைத்திரேற்று கூடக் கூட, தண்ணீர் விழுங்கும் ஒளியும் கூடும். தண்ணீர் ஊற்றும் சின்னக் குவார்ட்ஸ் குப்பியில் ஒளி புகும் பக்கத்தை விரலால் தொடக்கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத் தொண்டை வறளச் சொல்கிறவனே நான்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஓடிவந்து, குப்பியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, கைக்குட்டையால் துடைத்துக் கருவியில் வைத்தேன். இலக்கம் எகிறியது. உடனே மச்சானுக்குப் போன் எடுத்துக் கிணற்றை மூடச் சொன்னேன். அவர் ஆசையாகக் கட்டிய கிணறு. எனக்கு மனசு கேட்கவில்லை.

பக்கத்து மேசையில் காரைதீவுக்காரி ஒருவர், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டாவது அலைநீளத்திலும் பார்த்தேனா என்று கேட்டார். அந்த ஒளியை நைத்திரேற்று விழுங்காது. வேறு ஏதாவது சேர்ந்திருந்தால்தான் விழுங்கும். கருவியை அதற்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் எகிறியது. அவர் குப்பியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"கிணத்துத் தண்ணி அத்தர் மணக்குது," என்றார்.

ஜும்ஆவுக்குப் பூசிய அத்தர் என் விரலிலும் இருந்தது, கைக்குட்டையிலும் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். குப்பியைக் கழுவி, ஆய்வுகூடக் கடதாசியால் ஒற்றி, மறுபடி அளந்தேன். இரண்டு அலைநீளத்திலும் இலக்கம் கீழே கிடந்தது. நைத்திரேற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

திரும்பப் போன் எடுத்து, பிள்ளைக்குப் பயமில்லாமல் பால் கரைக்கலாம் என்று சொல்லி, அத்தர் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். கட்டாரிலிருந்து அந்த அத்தரைக் கொண்டுவந்து தந்ததே மச்சான்தான்.

"கிணறும் என்ட, அத்தரும் என்ட," என்றார். "பிழை மட்டும்தான், மச்சான், உங்கட."