மாடியில் நாலாவது ஆள்

திருச்சுழியில் என் அத்தை தன் வீட்டு மாடியை நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். கோயிலுக்கு வருகிறவர்களும் கல்யாணத்துக்கு வருகிறவர்களும் போனில் பதிவு செய்துவிட்டு வந்து இறங்குவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கூட அத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள், அத்தை கேட்பாள். எந்த ஊர், என்ன விசேஷம், எத்தனை பேர், குடிக்கிற ஆள் உண்டா. எல்லாம் சரியாக வந்து, ஆதார் நகலும் வந்த பிறகுதான் சாவி கைமாறும்.

அதற்குக் காரணம் இருந்தது. முன்பொரு முறை நாலு பேர் என்று சொல்லிப் பதினோரு பேர் வந்து ஆட்டம் போட்டதில், போலீஸ்காரர் வாசலுக்கே வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அத்தைக்குத் தலை எண்ணுகிற வியாதி பிடித்துக்கொண்டது. மூட்டுவலியில் அவளால் படி ஏற முடியாது. ஆகவே, அருப்புக்கோட்டையிலிருந்து கோடை விடுமுறைக்குப் போயிருந்த ஒன்பது வயதுப் பெண்ணாகிய நான் எண்ணினேன். துண்டு, தண்ணீர், கொசுவத்தி என்று ஏதாவது ஒரு சாக்கில் மேலே போய்வருவேன். கலெக்டர் வேலை கிடைத்தது போல எனக்கு அதில் அவ்வளவு கர்வம்.

அந்த விடுமுறையில்தான் சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அப்பாவுக்குப் படையல் போட ஒரு நாள் வீடு வேண்டுமாம். செத்தவர் காரியம் என்றாலே அத்தை போனை வைத்துவிடுவாள். அவர் வைக்க விடவில்லை. பூர்வீகம் பரளச்சியாம், அங்கே இருந்த வீடு இடிந்துபோயிற்றாம். ஏதோ சண்டையில் இவரைப் பார்த்து, "இனி ஒன் கையால ஒரு பருக்க திங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறிய அப்பா, திரும்பாமலே எங்கோ செத்துப்போனார். சென்னையில் வருஷா வருஷம் வைத்த சோற்றைக் காக்கை கூடத் தொடவில்லை. பிறந்த மண்ணுக்குப் பக்கத்திலாவது வைத்தால் அப்பா ஒரு வாய் சாப்பிட மாட்டாரா என்று கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். ஒரு பெரிய ஆள் அழுவதை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"எத்தன பேரு வாரீக?" என்றாள் அத்தை கடைசியில்.

"நானு, வீட்டுக்காரி, தங்கச்சி. மூணே பேருதாங்க்கா."

மூன்று பேர்தான் வந்தார்கள். அத்தை மூன்று ஆதாரையும் மூன்று முகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

மறுநாள் உச்சிவெயில். தெருவில் நாய் கூட இல்லை. "புள்ள, ஒரு எட்டுப் பாத்துட்டு வா" என்று அத்தை அனுப்பினாள். பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறி, அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. தாம்பாளத்தில் புது வேட்டி சட்டை. இலை நிறையச் சோறு. இலைக்கு முன்னால் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முதுகும் இரண்டு பக்கமும் விரிந்திருந்த முழங்கால்களும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடியைச் சுற்றி முன்பக்கம் போனேன். அங்கே கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். படையல் வைத்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சற்று விலகி நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருகிறவர் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டுமல்லவா. அது எனக்கு அப்போது தெரியாது. மூன்றும் ஒன்றும் நாலு என்பது மட்டும் தெரிந்தது.

கீழே ஓடினேன். "அத்த, நாலு பேரு! உள்ள ஒரு தாத்தா இருக்காக."

மூட்டுவலியெல்லாம் எங்கே போயிற்றோ, அத்தை விறுவிறுவென்று படியேறினாள். "உள்ள ஒரு தாத்தா இருக்காகன்னு புள்ள பாத்துட்டு வந்து சொல்லுது. கள்ளத்தனமா ஆள ஏத்திட்டு, மூணே பேருன்னு எங்கிட்டயே சொல்றீகளே" என்று பிடித்துக்கொண்டாள். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே யாரும் இல்லை. அந்த அறைக்கு வேறு கதவும் இல்லை. ஜன்னலுக்குக் கம்பி. புதுச் சட்டை, குத்திய குண்டூசி கூட எடுக்காமல் தாம்பாளத்திலேயே மடித்தபடி இருந்தது. பின்னாலேயே ஓடிவந்திருந்த என்னை அத்தை தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

அவர் என் முன்னால் மண்டியிட்டார். "பாப்பா, எப்பிடி இருந்தாக?"

"வெள்ளச் சட்ட. நரச்ச முடி. இந்தக் காது கொஞ்சம் பிஞ்சிருந்துச்சு" என்று என் வலது காதைத் தொட்டுக் காட்டினேன்.

அவருடைய தங்கை "அய்யா!" என்று அலறியபடி சுவரோடு சரிந்தாள். அவர் அலறவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சாப்ட்டாகளா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தப்பாக எண்ணிவிட்டேன், அத்தை கொல்லப்போகிறாள் என்ற ஒரே பயம்தான் எனக்கு. அவர் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பது மட்டும் எப்படியோ தெரிந்தது.

"சாப்ட்டாக" என்றேன்.

அவர் அந்த இலைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார். சாயங்காலம் கிளம்பும்போது என் தலையில் கைவைத்து, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார். வந்தபோது இருந்த முகமே இல்லை அது. அத்தை என்னைத் திட்டவேயில்லை. அதற்குப்பின் என்னை எண்ணவும் அனுப்பவில்லை.

அன்றைக்கு அந்த மாடியில் நின்றவர்களைத் தவிர, நான் பார்த்ததை இன்றுவரை யாரும் நம்பியதில்லை. நான் சொன்ன பொய்யை அந்த ஒரு மனிதர் நம்பினார். பொய்தான். ஜன்னலில் நின்றபோது நான் நன்றாகப் பார்த்தேன். தாத்தாவின் இரண்டு கைகளும் முழங்கால்கள் மேலேயே இருந்தன. இலைப்பக்கம் ஒருமுறை கூடப் போகவில்லை.

அவருக்குப் பசியில்லை போல என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.