கால் கிலோ அழுத்தம்

மொரப்பூர்ப் பக்கம் ஒரு புளிக் கிடங்கில், புளியைக் கட்டியாக அழுத்தும் இயந்திரம் அங்கே வேலை செய்த மாதவராஜின் மூன்று விரல்களைக் கூழாக்கியது. அந்த நேரத்தில் அதன் சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

அந்த இயந்திரத்தைச் செய்துகொடுத்து, சென்சாரையும் தேர்ந்தெடுத்தவள் சுமலதா. ஏரியூர்க்காரி, டிப்ளமோ முடித்துச் சொந்தமாகப் பட்டறை வைத்தவள். சட்டைப் பொத்தான் அளவே இருந்த அந்தச் சென்சார், அழுத்தம் முந்நூறு கிலோவைத் தொட்டதும், மேலிருந்து இறங்கிப் புளியை அழுத்தும் அச்சை நிறுத்திவிடும். புளிக்கு அது சரியான கணக்கு. விரல் எலும்பு நொறுங்க அதில் பாதிகூட வேண்டாம் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. இத்தனைக்கும் அச்சு இறங்கும்போதும் ஆட்கள் கையை உள்ளே விட்டுக் கொட்டை பொறுக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கட்டியில் ஒரு கொட்டை இருந்தாலும் முதலாளி அதை அவர்கள் மூஞ்சியிலேயே எறிவார்.

புளியோடு ஒட்டியிருந்த ரத்தத்தை அவளே சுரண்டிக் கழுவினாள். பிறகு ஐந்து கிலோ வரை மட்டுமே அளக்கும் குட்டிச் சென்சார் ஒன்றை வாங்கி, கை நுழையும் பக்கம், புளியில் படாமல் கையில் மட்டும் முதலில் படும்படி, அச்சின் விளிம்புக்குக் கீழே ஒரு தகட்டில் பொருத்தினாள். கால் கிலோ அழுத்தம் பட்டாலே அச்சு மேலே போய்விடும்.

"தொட்டதுக்கெல்லாம் நின்னா வேல எப்படிம்மா ஆகும்? கழட்டி எறி அத!" என்று முதலாளி கத்தினார்.

சுமலதா தன் கையை உள்ளே வைத்து, அச்சை இறக்கும் பெடலை மிதித்தாள். பாய்ந்து இறங்கிய அச்சு, தோலில் பட்டதும் மேலே ஏறியது.

"சரிங்க, கழட்டறேன்."

தகட்டைக் கழற்றிக் கீழே போட்டாள். முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அச்சுக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் கால் பெடலின் மேல் இருந்தது.

"இப்ப சொல்லுங்க. மாட்டட்டுமா, மிதிக்கட்டுமா?"